குறையாத அரிசி

அரிசி குறைந்திருந்தால் அன்னபுஷ்பம் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டாள். எலி என்றோ, அளந்து போடும்போது கை கூடிவிட்டது என்றோ தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பாள். ஆனால் டிரம்மில் அரிசி ஏறியிருந்தது.

பென்னலூரில் அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் குழுவான அவர்களுடைய அன்பியத்தில் இருபத்திரண்டு குடும்பங்கள். ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அதைக் கொண்டுவந்து அன்னபுஷ்பம் வீட்டு மூலையில் நிற்கும் நீல டிரம்மில் கொட்டுவார்கள். அன்று சாயங்காலம், காண்ட்ராக்ட் முடிந்து வேலை போனவர்களும், மெஷினில் விரல் நசுங்கி அறையில் கிடப்பவர்களும் பையோடு வருவார்கள். எந்த ஊர், எந்த சாமி என்று யாரும் கேட்பதில்லை. கொடுத்தது போகக் கால் டிரம் அவசரத்துக்கென்று நிற்கும்.

கொடுக்கிறவர்களும் ஒன்றும் வசதியானவர்கள் இல்லை. அன்னபுஷ்பமே ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவுகிறவள். புருஷன் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. சம்பளத்தில் பாதி மகள் ஷாலினின் நர்சிங் படிப்புக்குப் போய்விடும். மத்தியானச் சாப்பாடு கேன்டீனில் கிடைப்பதால் வீட்டில் ஒரு வேளைதான் உலை. அந்த ஒரு வேளையிலும் பிடி எடுத்து வைப்பாள். மாசக் கடைசியில் பிடி சிறுத்துப்போகும். யாரும் பார்க்காவிட்டாலும் அவளுக்கு வெட்கமாக இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூடியைத் திருகித் திறந்தவள் அப்படியே நின்றாள். போன வாரம் கொடுத்து முடித்தபோது அரிசி டிரம்மின் கீழ் வளையத்துக்கு அடியில் இருந்தது. இப்போது வளையத்தைத் தாண்டி நின்றது. இத்தனைக்கும் இந்த வாரத்து அரிசி இன்னும் வந்து சேரவில்லை.

ஒரு கை அள்ளிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்தாள். அன்பியத்து வீடுகளிலிருந்து வருவது பெரும்பாலும் ரேஷன் அரிசி. உருண்டையாக, கொஞ்சம் பழுப்பேறி, ஒரு வாடையோடு இருக்கும். அதற்கு நடுவே ஒல்லியாக, ஒரே அளவாக வேறு அரிசி கலந்திருந்தது. அவளுக்கு அது நன்றாகத் தெரியும். ஆள் வராத நாட்களில் கேன்டீனில் அரிசி களைவதும் அவள்தான். அதே பொன்னி.

அன்பியத்தின் செயலாளர் லிசா பைகளோடு வந்தபோது அன்னபுஷ்பம் சொல்லிப் பார்த்தாள். லிசாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"ஆண்டவர் ஆசீர்வாதம் ஆன்ட்டி. நல்ல காரியத்துக்கு வெச்சது, பெருகுது."

"ஆண்டவர் குடுத்தா எல்லாம் ஒரே மாதிரி குடுத்திருப்பாரு. நடுவுல நடுவுல பொன்னியத் தூவி வுடுவாரா?"

லிசா சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அன்னபுஷ்பத்துக்குச் சிரிப்பு வரவில்லை. நல்லது செய்கிறவன் ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் போல வாசல் வழியாக வந்து கொட்டிவிட்டுப் போவான். பூட்டின வீட்டுக்குள் வந்து கொட்டுகிறவனுக்கு வேறு ஏதோ காரணம் இருக்கிறது.

பூட்டின வீட்டுக்குச் சாவி இன்னொருத்தரிடமும் இருந்தது. எதிர் வீட்டு அம்சவல்லி. பஞ்சாயத்துத் தண்ணீர் பதினோரு மணிக்கு மேல்தான் வரும். அந்த நேரத்தில் அன்னபுஷ்பம் வேலையில் இருப்பாள். அதனால் இரண்டு வருஷமாக அம்சவல்லிதான் கதவைத் திறந்து குடங்களை நிரப்பி வைப்பாள். அதற்கு ஒரு காசு வாங்கியதில்லை.

அம்சவல்லியின் குடும்பம் அந்த ஊரில் பயிர் வைத்துப் பிழைத்த குடும்பம். வல்லம் வடகால் பக்கம் இருந்த அவர்கள் நிலம் கம்பெனிகளுக்குப் போனது. பணம் வந்தது. டைல்ஸ் பதித்து மாடி வைத்து வீடு கட்டினார்கள். அவள் புருஷன் வெங்கடேசன் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் வாங்கி ஓட்டினார். மகன் பாபு கேன்டீனில் ஸ்டோர் வேலை பார்த்தான், அன்னபுஷ்பம் வேலை செய்யும் அதே கேன்டீனில். அவனுக்கு என்ன குறை, கைச்செலவுக்காக வருகிறான் என்றுதான் தெருவில் பேசிக்கொள்வார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை, கேன்டீன் மேனேஜர் தளவாய் எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். தெற்கத்திக்காரர். குரலை உயர்த்தாமல் பேசுகிறவர்.

"ரெண்டு மாசமா அரிசி மூட்டை கணக்குல இடிக்கி, கொறையுது. ஒரு மூட்டை, ரெண்டு மூட்டைன்னா நானும் பேசாம இருந்துருவேன். இனிமே போகையில எல்லாரு பையையும் தொறந்து காட்டிட்டுத்தான் போகணும். யாரும் தப்பா நெனைக்கப்படாது."

அன்னபுஷ்பத்துக்கு டிரம்மில் பார்த்த பொன்னி நினைவுக்கு வந்தது. தலையைத் திருப்பாமல் பாபுவைப் பார்த்தாள். மூட்டைகளை இறக்கி அடுக்குவதும், சமையலுக்கு அளந்து கொடுப்பதும் அவன் வேலை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்றிலிருந்து அவள் கண் அவன் மேலேயே இருந்தது. மத்தியானம் அவன் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். நின்றுகொண்டே, யாரிடமும் பேசாமல், அவசர அவசரமாக. ஒரு இளந்தாரி நிறையச் சாப்பிடுவதில் என்ன இருக்கிறது என்று நேற்றுவரை நினைத்திருப்பாள். இன்று அதுவும் தப்பாகத் தெரிந்தது. கம்பெனிச் சோற்றை இப்படி விழுங்குகிறவன் கம்பெனி அரிசியை விட்டு வைப்பானா?

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும் முன் டிரம்மில் அரிசியைச் சமமாகத் தடவிவிட்டு, விரலால் சிலுவைக் குறி போட்டு மூடினாள். சாயங்காலம் வந்ததும் முதல் வேலையாக மூடியைத் திறந்தாள். குறி அழிந்திருந்தது. அரிசி ஒரு விரல் இறங்கியிருந்தது. மறுபடி தடவிவிட்டுக் குறி போட்டாள். வெள்ளிக்கிழமை பார்த்தபோது இரண்டு விரல் ஏறியிருந்தது.

எடுக்கவும் செய்கிறார்கள், போடவும் செய்கிறார்கள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது. மகன் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவருகிறான், அம்மா இங்கே பதுக்கி வைத்து வேண்டும்போது எடுத்துப் போகிறாள். தர்மத்துக்கு வைத்த டிரம்மை யார் சந்தேகப்படுவார்கள்? நாளைக்குக் கம்பெனியிலிருந்து வந்து பார்த்தால் கேன்டீன் அரிசி இருப்பது அன்னபுஷ்பம் வீட்டில். திருடி என்று அவளைத்தான் சொல்வார்கள். வேலை போகும். ஷாலின் படிப்பு நிற்கும். அன்பியத்துக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

அம்சவல்லியிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இரண்டு வருஷம் தண்ணீர் பிடித்துக் கொடுத்தவளிடம் எந்த வாயால் கேட்பது என்று ஒரு பக்கம். கேட்டால் உஷாராகிவிடுவாள் என்று இன்னொரு பக்கம். அம்சவல்லி வழக்கம்போல வாசலில் நின்று, "இன்னா அன்னம், கொழம்பு வெச்சிட்டியா?" என்று கேட்டபோது, "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபர்சன் வந்தான். பிரஸ் மெஷினில் இரண்டு விரல் போனவன். கட்டு இன்னும் பிரிக்கவில்லை. மடித்த பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர்.

திருட்டு அரிசியைத் தன் கையால் அள்ளிக் கொடுக்க அன்னபுஷ்பத்துக்கு மனசு வரவில்லை. "வண்டு வுழுந்துடுச்சிப்பா. அடுத்த வாரம் வா," என்றாள்.

"வண்டு இருந்தா பரவால்ல ஆன்ட்டி. பொடச்சிக்கலாம்."

"இல்லப்பா. எல்லாத்தையும் காய வைக்கணும்."

அவன் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனான். அன்று ராத்திரி தன் தட்டில் சோறு போட்டுக்கொள்ள அவளுக்குக் கை வரவில்லை. அந்தக் கோபமும் எதிர் வீட்டின் மேல்தான் திரும்பியது. அவர்களால்தானே இந்தப் பொய்.

புதன்கிழமை தளவாய் அவளைத் தனியே கூப்பிட்டார்.

"நீங்க பென்னலூர்தானம்மா? பாபு வீடும் அங்கனதான?"

"எதிர் வூடு சார்."

"ஆளு எப்படி? கைச்செலவு கிச்செலவு ஜாஸ்தியா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் தன்னைத்தான் சோதிக்கிறாரோ, தன் மேல்தான் சந்தேகமோ என்று அவளுக்குப் படபடத்தது. அந்தப் படபடப்பில் வாய் முந்திக்கொண்டது.

"எனக்கு ஒன்னும் தெரியாது சார். ஸ்டோர்ல மட்டும் கொஞ்சம் பாத்துக்கங்க."

அவர் அவளையே பார்த்தார். பிறகு தலையசைத்து அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பாபுவின் கேட் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஏன் என்று அவன் கேட்டதற்கு, காண்ட்ராக்டரைப் போய்ப் பார் என்று சொன்னார்களாம். அவன் பாத்திரம் கழுவும் இடம் வழியாகத்தான் வெளியே போனான். "வரேன் அத்த," என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனான். அவள் குழாயைத் திறந்து தண்ணீர்ச் சத்தத்தைக் கூட்டினாள்.

மறுநாள் பார்ட்ஸ் வரவில்லை என்று கம்பெனியில் லைனை நிறுத்திவிட்டார்கள். மதியத்தோடு கேன்டீன் ஆட்களையும் அனுப்பிவிட்டார்கள். அன்னபுஷ்பம் ஷேர் ஆட்டோ பிடித்து வந்து இறங்கியபோது மணி ஒன்றரை. அவள் வீட்டுக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது.

செருப்பை வெளியே கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே போனாள். குடங்கள் நிறைந்து வரிசையாக இருந்தன. அம்சவல்லி முதுகைக் காட்டிக்கொண்டு டிரம்மின் மேல் குனிந்திருந்தாள். கையில் ஒரு பாலிதீன் பை. சத்தம் வராமல் அரிசியை மெதுவாகச் சரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா பண்ற?"

அம்சவல்லி திடுக்கிட்டுத் திரும்பினாள். "தண்ணி வந்துச்சி. புடிச்சி வெச்சேன்."

"தண்ணியக் கேக்கல. டிரம்முல இன்னா கொட்ற?"

அம்சவல்லி பையின் வாயைச் சுருட்டிப் பிடித்தாள். பையில் பாதி அரிசி மிச்சம் இருந்தது.

"யார் வூட்டு அரிசிக்கா அது? உம் புள்ள கேன்டீன்லேர்ந்து கொண்டாந்ததா?"

அம்சவல்லியின் முகம் மாறியது. கேள்வி முதலில் அவளுக்குப் புரியவே இல்லை. புரிந்ததும் பையை நீட்டினாள்.

"இசக்கியப்பன் கடையில வாங்கனது. பைய நல்லாப் பாரு, கடை பேரு கீது. எடுத்ததத் திருப்பிப் போட்றேன், அவ்ளோதான். ஒரு படி எடுத்தா ஒன்றரைப் படியாத்தான் போட்டுகினு இருக்கேன்."

"எடுத்தியா?"

அம்சவல்லி சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். வேன் காண்ட்ராக்ட் போய் ஒரு வருஷம் ஆகிறது. ஊரில் வேறு கம்பெனிக்கு ஓட்டுவதாகச் சொல்லிவைத்தார்கள், ஆனால் வேனை ஃபைனான்ஸ்காரன் எடுத்துப் போய்விட்டான். மாடியை லீசுக்கு விட்டு வந்த பணமும் கடனுக்கே போனது. வெங்கடேசனுக்குக் கால் வீங்கி நடமாட்டம் இல்லை. பாபு சம்பளம் மருந்துக்கும் வட்டிக்கும் போக, மாசத்தில் பத்து நாள் உலை வைக்க அரிசி இருக்காது.

"ரேஷன்ல வாங்கலியா?"

"பணம் வந்தப்போ இவரு போயி அரிசி கார்ட சக்கரை கார்டா மாத்திகினாரு. நாம எதுக்கு ரேஷன் அரிசி துன்னணும்னு. சக்கரை கார்டுக்கு இப்ப எவன் அரிசி குடுப்பான்? பையன் மத்தியானம் அங்கியே வயித்த ரொப்பிகினு வந்துடுவான். எனக்கும் அவருக்கும்தான்."

"ஞாயித்துக்கெழம வந்து கேட்டிருக்கலாமேக்கா. யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க."

"நான் பைய எடுத்துகினு வந்து வரிசையில நிக்கணுமா?" அம்சவல்லி நிமிர்ந்து பார்த்தாள். "எங்க நெலத்துல கட்டன கம்பெனியில வேல போனவன் பின்னாடி நான் நிக்கணுமா, அன்னம்?"

அன்னபுஷ்பம் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு அவள் முன்னால் வைத்தாள்.

"புள்ளைய வேற நிறுத்திட்டாங்க. எவன் இன்னா சொன்னானோ தெரில. இனிமே கையில காசு எப்ப வருமோ. இருக்கறப்பவே போட்டுடலாம்னு வந்தேன்." மிச்சம் இருந்ததையும் டிரம்மில் கொட்டிவிட்டு, பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

அப்போதும் அன்னபுஷ்பத்துக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை. அகப்பட்டதும் ஜோடித்த கதையாக இருந்தால்? சாயங்காலம் இசக்கியப்பன் கடைக்குப் போய், உப்பு வாங்குகிற சாக்கில் பேச்சை எடுத்தாள்.

"அந்தம்மாவா? வாரத்துக்கு ஒருக்க பொன்னி வாங்கும். ரெண்டு கிலோ, சில நேரம் ஒரு கிலோ. பெரிய வீட்டுக்காரவுக இப்படிச் சில்லறையா வாங்குதாவளேன்னு நானும் நெனைப்பேன்." அவர் மூட்டையைக் காட்டினார். "ஒங்க கேன்டீனுக்கும் இதே மில்லு அரிசிதான். ஒரே லாரியிலதான வருது."

உப்புப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நடந்தவளுக்குத் தெரு நீண்டுகொண்டே போனது.

திங்கட்கிழமை தளவாயிடம் போய் நின்றாள். பாபு எடுக்கவில்லை, தான் ஏதோ நினைத்துச் சொல்லிவிட்டேன் என்றாள். அவர் நோட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"நீங்க ஒருத்தர் சொன்னதுக்காக நிப்பாட்டல. மேலேர்ந்து யாராச்சும் ஒரு ஆளக் காட்டுன்னாவ. லெட்டரும் போயிட்டு. இனிமே ஒன்னும் செய்ய முடியாதும்மா."

"அரிசி இப்போ சரியா இருக்குதா சார்?"

அவர் நோட்டின் பக்கத்தைத் திருப்பினார். சரியாக இல்லை என்று அந்த வாரக் கடைசியில் சமையல்காரர்கள் பேசிக்கொண்டார்கள். பாபு போன பிறகும் மூட்டைக் கணக்கு இடித்துக்கொண்டுதான் இருந்தது.

தளவாயிடம் பாபுவைக் காட்டிக்கொடுத்ததைச் சொல்லாமல் இருந்தால் அம்சவல்லிக்குத் தெரியப் போவதில்லை. இரண்டு நாள் அப்படித்தான் இருந்தாள். எதிர் வீட்டுப் பக்கம் பார்க்காமல் போய் வந்தாள். மூன்றாம் நாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, அம்சவல்லி வீட்டு டைல்ஸ் தரையில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். உள் அறையில் வெங்கடேசன் தூங்கிக்கொண்டிருந்தார். பாபு இல்லை. வேலை கேட்டு வல்லம் வடகால் பக்கம் போயிருந்தான்.

அம்சவல்லி முழுவதையும் கேட்டாள். ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்து வந்து அவள் கையில் வைத்தாள்.

"இத வெச்சிகினுதான இவ்ளோவும் நெனச்ச. உன் வூட்டு சாவி உங்கிட்டயே இருக்கட்டும்."

"அக்கா..."

"போ அன்னம். அவரு முழிச்சிக்குவாரு."

நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபர்சன் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அன்னபுஷ்பம் அவனைக் கூப்பிட்டு விட்டுப்போன இரண்டு வாரத்துக்கும் சேர்த்து அளந்து போட்டாள். வண்டு விழவில்லை, பொய் சொன்னேன் என்றும் சொன்னாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. அம்சவல்லி வீட்டு வாசலில் ஒரு பை அரிசியை வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் காலை அது அப்படியே அவள் வாசலுக்குத் திரும்பி வந்திருந்தது.

அதற்குப் பிறகு லிசாவிடம் பெயர் சொல்லாமல் விசாரித்தாள். சர்க்கரை கார்டைத் திரும்ப அரிசி கார்டாக மாற்ற மனு கொடுக்கலாம், தாலுகா ஆபீசில் வழங்கல் பிரிவில் வாங்குகிறார்கள் என்று லிசா சொன்னாள். அதை அம்சவல்லியிடம் சொல்லப் போனபோது கதவு திறக்கவில்லை. மூடிய கதவுக்கு வெளியே நின்றே சொல்லிவிட்டு வந்தாள்.

நாலு நாள் கழித்து, வேலை முடிந்து வந்தவளைத் தெருமுனையில் அம்சவல்லி நிறுத்தினாள்.

"எந்த ஆபீசு?"

"ஸ்ரீபெரும்புதூர்க்கா. நானும் கூட வரேன்."

"நீ எதுக்கு?"

"பக்கத்து வூட்டுக்காரங்க ஒருத்தர் எழுதிக் குடுக்கணுமாம். வீடு பெருசா இருந்தா அவங்க நம்ப மாட்டாங்களாம்."

அம்சவல்லி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "எங்க வூட்டுக் கதய இன்னும் யார் யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் சொல்லலக்கா."

"நான் நம்ப மாட்டேன்."

"நம்பாத. வா, போயிட்டு வந்துடலாம்."

வெள்ளிக்கிழமை இருவரும் போனார்கள். ஷேர் ஆட்டோவில் நடுவில் வேறு ஒரு பெண்ணை உட்காரவிட்டு அம்சவல்லி ஓரத்தில் உட்கார்ந்தாள். ஆபீசில் கூட்டம். கிளார்க் மனுவையும் கார்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாடி வூடுன்னு போட்டிருக்கு. எதுக்கும்மா அரிசி?"

அன்னபுஷ்பம்தான் சொன்னாள். "வூட்டத் துன்ன முடியாது சார். வந்து பாருங்க."

வந்து பார்ப்போம், அதற்கு முன்னால் அக்கம்பக்கத்தார் கையெழுத்தோடு ஒரு கடிதம் வேண்டும் என்று அவர் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். அன்னபுஷ்பம் ஜன்னல் திண்டில் தாளை வைத்து எழுத ஆரம்பித்தாள். அம்சவல்லி அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

"'கஷ்டப்படுகிறார்கள்'னு போடாத."

"பின்ன இன்னா எழுதறது?"

"'வருமானம் இல்லை'ன்னு எழுது. அது போதும்."

அன்னபுஷ்பம் அடித்துவிட்டு எழுதினாள்.

"'நல்ல குடும்பம்'னு எதுக்கு? உன்ன யாரு கேட்டாங்க? அதையும் அடி."

அடித்தாள். தாளில் அடித்தல் அதிகமாகிவிட்டதென்று அம்சவல்லியே போய் இன்னொரு தாள் கேட்டு வாங்கி வந்தாள். இந்தத் தடவை அவள் சொல்லச் சொல்ல அன்னபுஷ்பம் எழுதினாள். மொத்தம் நாலு வரி. கையெழுத்துப் போடும் முன் அம்சவல்லி தாளைப் பிடுங்கி, முதலிலிருந்து கடைசிவரை இன்னொரு முறை படித்தாள். பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று திருப்பியும் பார்த்தாள்.

"போடு," என்றாள்.

அன்னபுஷ்பம் கையெழுத்துப் போட்டு, அடியில் தன் முகவரியையும் எழுதினாள்.

இரண்டு வாரம் கழித்து ஆள் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார். அதற்குள் பாபுவுக்கு வல்லம் வடகாலில் ஒரு குடோனில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை கிடைத்திருந்தது, பழைய சம்பளத்தைவிடக் குறைவாக. தெருவில் எதிரே வந்தால் அவன் அன்னபுஷ்பத்தைப் பார்த்தும் பார்க்காதது போலப் போவான். அவளும் கூப்பிடுவதில்லை. காலையில் ஐந்து மணிக்கே எழுந்து நாலு தெரு தள்ளியிருந்த கைபம்பில் தண்ணீர் அடித்து வந்துவிட்டு வேலைக்குப் போனாள்.

பொங்கலுக்கு முந்தின வாரம் ஒரு நாள், அவள் பூட்டைப் பூட்டிக்கொண்டிருந்தபோது அம்சவல்லி எதிர் வாசலிலிருந்து குரல் கொடுத்தாள்.

"மெசேஜ் வந்துச்சி. கார்டு மாத்திட்டாங்களாம்."

"சரிக்கா."

"உண்மையாத்தான் இருக்குமா? ஏமாத்து மெசேஜெல்லாம் வருதுன்றாங்க."

அன்னபுஷ்பம் தெருவைக் கடந்து போனாள். அம்சவல்லி போனை நீட்டினாள், கையிலிருந்து விடாமலே. இரண்டு பேரும் தலையை ஒட்டவைத்துக்கொண்டு அந்தச் செய்தியைப் படித்தார்கள்.